முதலெழுத்தைப் பெரிதாக்கும் கட்டளை



நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஆங்கிலக் கட்டுரை ஏடுகளில் என் சிவப்பு மை பெரும்பாலும் ஓரிடத்தில்தான் செலவாகும். ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் பிள்ளைகள் சிறிய எழுத்திலேயே தொடங்கிவிடுவார்கள். அவர்களை நொந்து பயனில்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே கிடையாது. அத்திருத்தத்தைச் செய்யும் கட்டளையொன்று கணிப்பொறிக்கு உண்டென்பதை, ஓய்வுபெற்ற பின்னரே பழைய மாணவர் ஒருவர் வாயிலாக அறிந்தேன்.

பல கணிப்பொறிகளை ஒரே ஒழுங்கில் வைத்திருப்பதற்காக, லூக் கேனிஸ் என்பவர் 2005ஆம் ஆண்டில் ‘பப்பெட்’ என்பதை உருவாக்கினார். எந்தக் கோப்பு எப்படி இருக்கவேண்டும் என்று அதன் மொழியில் எழுதிவைத்தால், பிறழ்ந்திருப்பதை அது நேராக்கிவிடும். அம்மொழியில் முதலெழுத்தே பொருளை மாற்றும். ‘ஃபைல்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கினால், ஒரு கோப்பை அறிவிக்கிறோம். பெரிய எழுத்தில் தொடங்கினால், அறிவித்த கோப்பைச் சுட்டுகிறோம். இத்தகைய கண்டிப்பை நான் வகுப்பறையில்கூடக் காட்டியதில்லை!

‘கேபிடலைஸ்’ என்பதே நான் சொல்லவந்த கட்டளை. முன்பு துணைத் தொகுப்பொன்றில் இருந்த இது, 2018இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் மொழியுடனேயே சேர்ந்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால், முதலெழுத்தைப் பெரிதாக்கிப் புதிய சொல்லாகத் தரும், மூலச்சொல் மாறாது. சொற்பட்டியலைக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் திருத்தும். பட்டியலுக்குள் இன்னொரு பட்டியலை வைத்தாலோ, பிழையென்று மறுத்துவிடும்.

ஆனால் இதற்கு இலக்கணம் தெரியாது. ‘நியூ டெல்லி’ என்பதில் ‘நியூ’வை மட்டும் திருத்தி, ‘டெல்லி’யைச் சிறிய எழுத்திலேயே விட்டுவிடும். அதனினும் விந்தையொன்று உண்டு. பப்பெட் இவ்வேலையை ‘ரூபி’ என்னும் மொழியிடம் ஒப்படைக்கிறது. ரூபியோ முதலெழுத்தைப் பெரிதாக்குவதோடு ஏனையவற்றைச் சிறிதாக்கியும் விடும். முழுவதும் பெரிய எழுத்தில் எழுதப்படும் ‘யுனெஸ்கோ’வில் முதலெழுத்து மட்டுமே பெரிதாய் எஞ்சும். நானாயிருந்தால் இதற்கும் சிவப்பு மையைத் தொட்டிருப்பேன்.

பிற நாட்டெழுத்துகளின் நிலை என்ன? பிரெஞ்சு மொழியில் மேற்குறியுடன் வரும் எழுத்துகளை ரூபி பெரிதாக்கக் கற்றது 2016இல் வந்த 2.4ஆம் பதிப்பில்தான். துருக்கியர் ‘இஸ்தான்புல்’ என்பதன் முதலெழுத்தைப் பெரிதாக்கும்போதும் மேற்புள்ளியை விடமாட்டார்கள்; புள்ளியில்லாவிட்டால் அது அவர்களுக்கு வேறோர் எழுத்து, வேறோர் ஒலி. இக்கட்டளையோ ஆங்கில வழக்கப்படி புள்ளியை நீக்கிவிடுகிறது.

தமிழ்ச் சொல்லொன்றைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று என் மாணவரைக் கேட்டேன். கொடுத்தார். பிழையென்று சொல்லாமல், கொடுத்தபடியே திருப்பித் தந்துவிட்டது.