கியூஎல்இடியா, ஓஎல்இடியா? டிவி வாங்கும்முன் உங்கள் ஹாலைப் பாருங்கள்

கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் டிவிகளைப் பார்த்தால் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். ஒன்று கியூஎல்இடி, பக்கத்தில் ஓஎல்இடி, அடுத்தது மினி எல்இடி. பெயர்கள் அண்ணன் தம்பி மாதிரி. விலை அப்படி இல்லை!

சரி, எதை வாங்கலாம்?

ஒளி எங்கிருந்து வருகிறது?

எல்இடி டிவி என்று விற்கப்படுவது பெரும்பாலும் எல்சிடி திரைதான். அதற்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலோ ஓரத்திலோ உள்ள எல்இடி விளக்குகள்தான் வெளிச்சம் தருகின்றன.

கியூஎல்இடியும் அதே குடும்பம். நிறங்கள் எடுப்பாகத் தெரிய, குவாண்டம் டாட் எனும் நுண்துகள்கள் கொண்ட படலம் கூடுதலாக இருக்கும். அந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்குத்தான் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. மினி எல்இடியில் பின்விளக்குகள் பொடிப்பொடியாக நிறைய இருக்கும். தேவையான பகுதியை மட்டும் மங்கச் செய்யலாம்.

ஓஎல்இடி வேறு வகை. பின்விளக்கே இல்லை. 4கே திரையில் உள்ள சுமார் 8.3 மில்லியன் புள்ளிகளும் தாமாகவே ஒளிரும், தாமாகவே அணையும். அதனால் கறுப்பு என்றால் நிஜமான கறுப்பு. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது.

அப்படியென்றால் ஓஎல்இடியே வாங்கிவிடலாமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவில் படம் பார்க்கும்போது அசத்தலாக இருந்தது. ஆனால் பகல் முழுக்க அந்த டிவி அம்மாவுக்குச் சொந்தம். காலையிலிருந்து ஒரே ஒளிவழி, மூலையில் அதே சின்னம், அடியில் அதே செய்தி வரி. சில ஆண்டுகளில் ஒளிவழியை மாற்றினாலும் அந்தச் சின்னத்தின் நிழல் திரையில் அப்படியே நின்றது.

இதை 'பர்ன்-இன்' என்பார்கள். ஓஎல்இடியில் ஒளி தருவது கரிமப் பொருள். நகராத, பிரகாசமான படம் ஒரே இடத்தில் நீண்ட நேரம் இருந்தால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேயும். புதிய டிவிகளில் இதைக் குறைக்கும் வசதிகள் உண்டு. இருந்தாலும், உத்தரவாதம் இதற்குப் பொருந்துமா என்று கடையில் கட்டாயம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வெயிலும் ஒரு விஷயம். பல வீவக வீடுகளில் ஹால் ஜன்னல் பெரியது. பகல் வெளிச்சத்தில் பொதுவாக மினி எல்இடிதான் நன்றாகத் தெரியும். பாட்டி தாத்தா நாள் முழுக்கப் பார்க்கும் ஹாலுக்கு மினி எல்இடி, இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு ஓஎல்இடி என்பது என் கணக்கு. பட்ஜெட் குறைவா? சாதாரண எல்இடியே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் என்ன பார்க்கணும்?

காட்சிக்கு வைத்திருக்கும் டிவிகளில் வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். 'மூவி' முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு இருட்டுக் காட்சி ஒன்றை வசன வரிகளோடு போடச் சொல்லுங்கள். கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தைச் சுற்றிப் புகைபோல் ஒளி பரவுகிறதா? சப்டைட்டிலோடு தமிழ்ப் படம் பார்ப்பவருக்கு அது தினமும் உறுத்தும்.

அளவுக்கு, சோபாவிலிருந்து சுவர்வரை அளந்து பாருங்கள். 55 அங்குலத்திற்குச் சுமார் 2.2 மீட்டர், 65 அங்குலத்திற்குச் சுமார் 2.6 மீட்டர் இடைவெளி வசதியாக இருக்கும். கேம் ஆடுபவர்கள் 120 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைக்கிறீர்களா? டிவிபி-டி2 வசதி இல்லையென்றால், வசந்தம் போன்ற உள்ளூர் ஒளிவழிகளை ஆண்டெனா வழி பார்க்கத் தனிப் பெட்டி தேவைப்படும்.

பழைய டிவியைக் குப்பைத் தொட்டிப் பக்கம் வைத்துவிடாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து, புதியதைக் கொண்டுவந்து தரும்போது அதே வகைப் பழைய பொருள் ஒன்றைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். டெலிவரி தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.