யார் மேல் வழக்குப் போடுவது?

ஜான் எல்லிஸ் ஒரு வழக்கறிஞர். 1970களில் சிட்னியின் புறநகர்க் கோவில் ஒன்றில் பூசைக்கு உதவும் பையனாக இருந்தவர். அங்கிருந்த பாதிரியார் அவரைப் பல ஆண்டுகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார். 2002இல் திருச்சபையிடம் முறையிட்டபோது எல்லிஸுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. நடந்தது உண்மைதான் என்று திருச்சபை அமர்த்திய மதிப்பீட்டாளரே எழுதிக் கொடுத்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியதும், அப்படி ஒன்று நடந்ததா என்றே அதே திருச்சபையின் தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்தது.

2007இல் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் தோற்றார். கத்தோலிக்கத் திருச்சபை சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளே அல்ல என்றது தீர்ப்பு. சொத்துகள் அறங்காவலர் அமைப்பின் பேரில் இருந்தன. அந்த அமைப்பு பாதிரியாரை நியமிக்கவும் இல்லை, மேற்பார்க்கவும் இல்லை, எனவே அதற்கும் பொறுப்பில்லை. அப்போதைய பேராயர் சம்பவம் நடந்த காலத்தில் அந்தப் பதவியில் இல்லை. பாதிரியாரோ இறந்துவிட்டார். சட்டம் படித்த ஒருவருக்கே வழக்குப் போட ஆள் கிடைக்கவில்லை. அதன்பின் முறையிட வந்தவர்கள் எதிர்கொண்ட இந்தத் தடைக்கு 'எல்லிஸ் டிஃபென்ஸ்' என்றே பெயர் விழுந்தது. அடிபட்டவரின் பெயரை அடித்தவர்களின் கேடயத்துக்கு வைத்துவிட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஆள் கிடைத்தாலும் நாள் கடந்திருக்கும். அன்று ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில், பதினெட்டு வயது நிறைந்தபின் சில ஆண்டுகளுக்குள் சிவில் வழக்குத் தொடுத்தாக வேண்டும். தவறினால், ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று நீதிபதியிடம் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். பத்து வயதில் வாயடைக்கப்பட்ட பிள்ளை இருபத்து மூன்றில் வக்கீல் வீட்டுப் படியேறும் என்று எந்தக் கணக்கில் எதிர்பார்த்தார்களோ!

உண்மைக் கணக்கு பிறகுதான் வெளிவந்தது. நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமையை விசாரிக்க 2012 நவம்பரில் பிரதமர் ஜூலியா கில்லார்ட் அறிவித்த அரச ஆணையம், நீதிபதி பீட்டர் மெக்லெல்லன் தலைமையில் ஐந்தாண்டுகள் விசாரித்தது. பள்ளிகள், அனாதை இல்லங்கள், சாரணர் அமைப்புகள், கோவில்கள் என்று எதையும் விடவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் முதன்முறையாக வெளியே சொல்ல ஆன காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். சட்டம் கதவைச் சாத்தி வெகுகாலம் ஆனபின்தான் பெரும்பாலோருக்கு வாயே திறந்திருக்கிறது.

அந்த ஆணையம் செய்ததிலேயே பெரிய காரியமாக நான் நினைப்பது, கேட்ட முறையை. ஒரு சிறிய அறை. எதிரே ஓர் ஆணையர். சத்தியப் பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. 8,000க்கும் மேற்பட்டோர் இப்படி வந்து பேசினார்கள். சிறையில் இருந்தவர்களைத் தேடி ஆணையர்களே சிறைக்குப் போனார்கள். பேசி முடித்தவர்கள் நாட்டுக்குச் சொல்ல விரும்பியதை எழுதித் தந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகள் புத்தகமாகித் தேசிய நூலகத்துக்குப் போயின.

ஆணையம் பாலரட் நகரில் விசாரித்துக்கொண்டிருந்த 2015இல், ஊர்க்காரர்கள் கொடுமை நடந்த பழைய பள்ளியின் கம்பி வேலியில் வண்ண ரிப்பன்களைக் கட்டத் தொடங்கினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக் கட்டிக் கம்பியே தெரியாமல் போனது. அவ்வளவு காலம் வாய்திறக்காத ஊரில் அந்த வேலியைச் 'சத்தமான வேலி' என்றழைத்தார்கள்.

பிறகு சட்டங்கள் மாறின. விக்டோரியா 2015இலும், நியூ சவுத் வேல்ஸ் 2016இலும் சிறார் வன்கொடுமை வழக்குகளுக்கான காலவரம்பை, பழைய சம்பவங்களுக்கும் சேர்த்து எடுத்துவிட்டன. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2018இல் விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் சட்டம் இயற்றி எல்லிஸ் கேடயத்தையும் உடைத்தன. அதே ஆண்டு ஜூலையில் தேசிய நிவாரணத் திட்டம் தொடங்கியது. நீதிமன்றம் ஏற வேண்டாம். நடந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று தெரிந்தால் போதும். அதிகபட்சம் 1,50,000 டாலர். ஆணையம் பரிந்துரைத்தது 2,00,000, அரசு குறைத்துவிட்டது. முன்பு எப்போதோ கொடுத்து வாயடைத்த தொகையையும் விலைவாசிக்கேற்ப உயர்த்திக் கழித்துக்கொள்கிறார்கள். பணத்தை ஏற்றால் அந்த நிறுவனத்தின் மேல் இனி வழக்கில்லை என்று கையெழுத்திட வேண்டும். அனாதை இல்லங்களில் பாலியல் கொடுமை இல்லாமல், அடியும் பட்டினியும் மட்டுமே கண்ட பிள்ளைகளுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

காலவரம்பு போனதும் நிறுவனங்கள் வேறு வழி பார்த்தன. பாதிரியார் செத்துவிட்டார், சாட்சிகள் இல்லை, நேர்மையான விசாரணை இயலாது, வழக்கையே நிரந்தரமாக நிறுத்துங்கள் என்றன. லிஸ்மோர் மறைமாவட்டத்துக்கு எதிரான அப்படியொரு வழக்கில், 2023 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் விசாரணை நடக்கட்டும் என்றது. அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் அதுதான்.

ஓராண்டு கழித்து, 2024 நவம்பரில், அதே நீதிமன்றத்தில் பாலரட் மறைமாவட்டத்தின் வழக்கு. 1971இல் போர்ட் ஃபேரி என்ற கடலோர ஊரில், வீடு தேடி வந்த உதவிப் பாதிரியார் ஐந்து வயதுக் குழந்தையிடம் அத்துமீறினார். விக்டோரிய நீதிமன்றம் அது நடந்ததென்று கண்டு 2,30,000 டாலர் இழப்பீடு விதித்திருந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது: பாதிரியார் மறைமாவட்டத்தின் சம்பளப் பணியாளர் அல்லர், ஆகவே அவர் செயலுக்கு மறைமாவட்டம் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பணியாளர் போன்றவர்களின் குற்றத்துக்கும் அமைப்பைப் பொறுப்பாக்கும் சட்டத்தை நியூ சவுத் வேல்ஸ் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அது வந்தபோது, அதற்குப்பின் நடப்பவற்றுக்கு மட்டும் என்றே வந்தது.

நடந்தது உண்மை என்பதை உயர் நீதிமன்றமும் மறுக்கவில்லை. 1971இல் ஐந்து வயதாக இருந்தவர் அந்தத் தீர்ப்பு வந்தபோது அறுபதை நெருங்கியிருந்தார். எல்லிஸிடம் 2007இல் கேட்ட அதே கேள்வி அவர் முன்னாலும் வந்து நின்றது: யார் மேல் வழக்குப் போடுவது?