பருவம் மாறும்போது குதிரை முரண்டு செய்வதேன்?

நேற்றுவரை சாதுவாக நின்ற குதிரை, இன்று காலையில் சேணத்தைக் கண்டதும் காதுகளைப் பின்னால் மடித்துக் கொள்கிறது. வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருகிறது. திடலுக்கு அழைத்துச் சென்றால் முதுகை வளைத்துத் துள்ளுகிறது. "திமிர் ஏறிவிட்டது, இரண்டு அடி கொடுத்தால் தானே அடங்கும்" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். இவ்வாறு சொல்வது எளிது. ஆனால், அந்த இரண்டு அடியினால் நல்ல குதிரை என்றென்றைக்கும் கெட்டுப்போவதும், அதனைப் பராமரிப்பவரின் கை கால் முறிவதும், சில வேளைகளில் உயிரே போவதும் உண்டு.

தோட்டத்தில் வாழும் நமக்குக் குதிரையைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். இந்நாட்டின் குதிரை லாயங்களில் இந்தியர்கள் நெடுங்காலமாகவே பணியாற்றி வந்துள்ளனர். குதிரைச் சவாரி மன்றங்களில் வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞர்கள் இதனைத் தெரிந்து வைத்துக்கொள்வது நலம். ஆடு மாடு வளர்ப்போருக்கும் இதிலே ஒரு பாடம் இருக்கிறது.

குளிர்நாட்டுக் குதிரை

நம் நாட்டிலுள்ள குதிரைகளுள் பல, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை. அந்நாடுகளில் ஆண்டுக்கு நான்கு பருவங்கள் உண்டு. பருவத்திற்கேற்பப் பகற்பொழுதின் அளவும் மாறுகிறது. மெல்பர்ன் நகரில் ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 9½ மணி நேரமே. டிசம்பரில் அது 14¾ மணி நேரமாக நீள்கிறது. குளிர்காலம் முடிந்து பகல் நீளத் தொடங்கியதும் குதிரையின் மூளை அந்த ஒளியை உணர்ந்து, உடலில் பல மாறுதல்களைத் தோற்றுவிக்கிறது. அடர்ந்த குளிர்கால ரோமம் உதிர்கிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் அடங்கிக் கிடந்த பெண்குதிரைகளின் சினைப்பருவம் மீண்டும் தொடங்குகிறது. ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை அது வந்து, 5 முதல் 7 நாட்கள் வரை நீடிக்கும். அந்நாட்களில் சில பெண்குதிரைகள் எளிதில் எரிச்சலடையும். தொட்டாலே கீச்சிட்டு உதைக்கும்.

அதே சமயத்தில் புதிய புல் தழைத்து வளர்கிறது. அதில் சர்க்கரைச் சத்து மிகுதி. குளிர்காலம் முழுவதும் லாயத்தில் அடைபட்டிருந்த குதிரை, இந்தப் புல்லைத் தின்று பொங்கும் உற்சாகத்துடன் வெளியே வருகிறது. ஆகவேதான் வசந்த காலத்துக் குதிரையிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமென்று குளிர்நாட்டார் கூறுவர்.

நம் நாட்டு மழையும் வெயிலும்

நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள நம் நாட்டிலோ பகலின் அளவு அதிகம் மாறுவதில்லை. கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ 20 நிமிடங்களே. இங்கே பருவத்தை உணர்த்துவது மழை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் பெருமழையைக் கொட்டுகிறது. மேற்குக் கரையிலோ, பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பிற்பகலில் இடியும் மழையுமாக இருக்கும்.

இக்காலத்தில் திடல் சேறாகிவிடுவதால் குதிரை நாட்கணக்கில் லாயத்திலேயே கட்டுண்டு கிடக்கிறது. இயற்கையில் நாளின் பெரும்பகுதியை மேய்ந்தும் நடந்தும் கழிக்கும் பிராணி அது. வேலை நின்றுவிட்டது, ஆனால் ஓட்ஸும் தவிடும் கலந்த தீனி மட்டும் பழைய அளவிலேயே கொடுக்கப்படுகிறது. மழை விட்டதும் அதன் மீது சேணத்தை ஏற்றினால் அது துள்ளாமல் என்ன செய்யும்?

முதலில் நோவைத் தேடுக

முரண்டு செய்யும் குதிரையிடம் முதலில் தேட வேண்டியது குற்றத்தையன்று, நோவையே.

மழைக்காலத்தில் ஈரத்திலும் இலத்தியிலும் நிற்கும் குதிரையின் குளம்படியிலுள்ள மென்பகுதி அழுகக்கூடும். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போது கறுத்த கசிவும் துர்நாற்றமும் இருந்தால் அதுவே அறிகுறி. நனைந்த முதுகில் சிறுசிறு பொருக்குகள் தோன்றுவதும் உண்டு. அவற்றின் மேல் சேணம் அழுத்தினால் குதிரை துடிக்கும். மழைக்காலத்தில் உடல் பருத்த குதிரைக்குப் பழைய சேணம் பொருந்தாமலும் போகலாம். கடிவாளத்தை மட்டும் வெறுக்கும் குதிரைக்குப் பல்லில் கூர்முனைகள் வளர்ந்து கன்னத்தைக் கிழித்துக் கொண்டிருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பற்களைச் சோதிக்கச் செய்வது அவசியம்.

மழை ஓய்ந்து வெப்பமும் புழுக்கமும் மிகும்போது வேறொரு துன்பம் நேரலாம். குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளுள் சில, இத்தகைய தட்பவெப்பத்தில் வியர்க்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. வேலை செய்த பின்னும் உடல் உலர்ந்திருக்கும், மூச்சு வாங்கும், ஓட மறுக்கும். இதனைச் சோம்பல் என்று எண்ணி விரட்டுவது பெருந்தவறு. ஓய்ந்திருக்கும் குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரையிலும், மூச்சு நிமிடத்திற்கு 8 முதல் 16 வரையிலும் இருப்பது இயல்பு. மிஞ்சினால் நிழலில் நிறுத்திக் குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

தீனியும் வேலையும்

நோவு இல்லையென்று உறுதியானால், அடுத்து ஆராய வேண்டியவை தீனியும் வேலையும். வேலை குறையும் நாளிலேயே தானியத் தீனியையும் குறைத்து, புல்லையும் வைக்கோலையும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். குதிரையின் உடல் பெரிதாயினும் அதன் இரைப்பை சிறியது. எனவே, தானியத்தைச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுப்பதே முறை. புதிய தீனிக்கு மாற்றுவதாயின் 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

இதில் அலட்சியம் காட்டினால் விளையும் கேட்டிற்கு உதாரணம் "திங்கட்கிழமை நோய்". வண்டியிழுத்த குதிரைகள் ஞாயிறன்று முழுத் தீனியுடன் ஓய்ந்திருந்து, திங்களன்று வேலைக்குப் பூட்டப்பட்டதும் பின்னங்கால்கள் விறைத்து நின்றுவிட்டதால் இப்பெயர் வந்தது. தசைகள் இறுகும், வியர்வை கொட்டும், சிறுநீர் காப்பி நிறத்தில் கழியும். அவ்வேளையில் குதிரையை நடக்கும்படி அடித்து வற்புறுத்தினால் தசைகள் மேலும் சிதையும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். நின்ற இடத்திலேயே விட்டு மருத்துவரை அழைப்பதே தக்க செயல்.

மழை சற்று விடும் வேளைகளில், கூரையுள்ள இடத்திலாவது குதிரையைக் கையில் பிடித்து நடத்த வேண்டும். பல நாள் ஓய்வுக்குப் பின் உடனே ஏறி அமராமல், முதலில் நீண்ட கயிற்றில் வட்டமாக நடக்க விட்டு, அதன் வேகம் தணிந்த பிறகே சவாரி செய்ய வேண்டும்.

அணுகும் முறை

குதிரை பயந்து ஓடிப் பிழைக்கும் இனம். இடியோசைக்கும், காற்றில் படபடக்கும் தார்ப்பாய்க்கும் அது மிரளும். அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் நிற்பதை அதனால் காண இயலாது. எனவே, குரல் கொடுத்துக்கொண்டே இடத்தோள் பக்கமாக அணுக வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. குதிரை இழுத்தால் விரல்கள் தப்பா. சாட்டையால் அடிபட்ட குதிரை அடங்குவதில்லை. மனிதனைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்பதையே கற்றுக்கொள்கிறது. அஞ்சிய குதிரையே முதலில் உதைக்கும்.

முரண்டு தொடங்கிய நாள், அன்றைய வானிலை, தீனி, வேலை ஆகியவற்றை ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வைப்பது நல்ல வழக்கம். சில மாதங்களில் காரணம் அந்தக் குறிப்பிலிருந்தே வெளிப்படும். மருத்துவருக்கும் அது பெருந்துணையாக இருக்கும்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பர் நம் பெரியோர். கறவையில் திடீரென்று உதைக்கும் பசுவின் மடியில் வீக்கமோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்ப்பவரே நல்ல மாட்டுக்காரர். வாயில்லாப் பிராணி தன் நோவையும் அச்சத்தையும் வேறு எவ்வாறு நமக்குத் தெரிவிக்கும்? ஆதலால், அடுத்த மழைக்காலத்தில் நம் பொறுப்பிலுள்ள பிராணி முரண்டு செய்யுமாயின், பிரம்பை எடுக்குமுன் அதன் குளம்பையும் முதுகையும் வாயையும் ஒருமுறை பார்ப்போமாக.