உங்களுக்குத் தெரியுமா? லேப்டாப்பில் அந்தக் குட்டி விளக்கு ஏன் அணையவே மாட்டேங்குது!

தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். "அண்ணே, ஆன் பண்ணி அரை மணி நேரமாகியும் டிஸ்க் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு." கடைக்காரர் மூடியைத் திறக்கக்கூட இல்லை. "ஃபார்மட் அடிச்சிரலாம், சாயங்காலம் வாங்க." நான் லேப்டாப்பை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன். விளக்கு எரிந்தால் டிஸ்க்குக்கு யாரோ வேலை வைக்கிறார்கள் என்று பொருள். யார் என்று பார்க்காமலே வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எப்படி?

● அது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் முதலில் வந்தவற்றுக்கு ராம் 2 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று எங்கே பார்த்தாலும் பீரோ மேல் ஒன்று இருக்கும். பின்னாளில் யாரோ அதில் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். 2 ஜிபிக்குள் அது நுழையும், கால் நீட்டாது. அடுப்படியில் இடமில்லாத வீட்டில் என்ன நடக்கும்? குழம்புச் சட்டியை இறக்கிப் பரணில் வை, தோசைக்கல்லை எடு, மறுபடி குழம்பை இறக்கு. ராம் நிறைந்ததும் விண்டோஸ் செய்வதும் இதேதான். பரணுக்குப் பெயர் பேஜ்ஃபைல். அது இருப்பது ஹார்ட் டிஸ்க்கில்.

● பரண் எவ்வளவு உயரம் தெரியுமா? லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. ஊசிமுனை சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க ஏறக்குறைய 17 மில்லி செகண்ட். அங்கங்கே சிதறிக் கிடப்பதை எடுக்கச் சொன்னால் நொடிக்கு 60 முறைதான் எடுத்துத் தரும். ராம் இதைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் வேகம்.

● ஆளைப் பிடிக்க வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற தலைப்பின் மேல் ஒரு கிளிக், அதிகம் தின்பவர் மேலே வந்து நிற்பார். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தி கிடையாது. அவர்களுக்கு ரிசோர்ஸ் மானிட்டர் உண்டு, சொல்லப்போனால் அதுதான் கூர்மையான கருவி. எந்த நிரல், எந்த ஃபைலை, நொடிக்கு எத்தனை பைட் என்று வரிவரியாகக் காட்டும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் குரோமில் நான்கு டேப் திறந்தோம். பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்தது பேஜ்ஃபைல்.

● டிஸ்க்கின் சில சத்தம் நீங்கள் மௌஸைத் தொட்டதும் நின்றுவிடும். மெக்கானிக்கைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும் நோய்! தேடலுக்கு அட்டவணை போடுவது, வைரஸ் சோதனை, டிஸ்க்கை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகளை ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்யும்படிதான் விண்டோஸ் அமைத்திருக்கிறது. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். கடைசி ஒரு நிமிடத்தின் சராசரியை அது காட்டும் என்பதால், திரும்பி வந்ததும் கையும் களவுமாகப் பிடிக்கலாம். கல்யாண ஃபோட்டோ பத்தாயிரத்தை இன்றுதான் காப்பி செய்தீர்கள் என்றால் பிடிக்கவே வேண்டாம். ஓர் இரவு ஆன் செய்தபடி விடுங்கள், அட்டவணை முடிந்ததும் தானே அடங்கும்.

● விண்டோஸ் 7-ல் டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் டீஃப்ராக் வேலைக்குக் குறித்திருந்த நேரம் புதன்கிழமை அதிகாலை 1 மணி. அந்த நேரத்தில் நம்மூரில் எந்த லேப்டாப் விழித்திருக்கும்? தவறவிட்ட வேலையை அடுத்து ஆன் செய்து சும்மா விடும்போது எடுத்துக்கொள்ளும். "புதன்கிழமையானா இது முனகுது" என்று ஒரு வாத்தியார் சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

● கரண்ட் போனால்? 2012-ல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே டெஸ்க்டாப் அணைந்தால், அடுத்த முறை ஆன் செய்ததும் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று திரையில் சதவீதம் ஓடக்கூடும். பொறுமையிழந்து அதன் நடுவிலும் பட்டனை அமுக்கி அணைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

● ஒரே ஒரு நிலைமைக்கு மட்டும் பதற வேண்டும். டிஸ்க் 100 சதவீதம் என்கிறது, ஆனால் நொடிக்குச் சில கிலோபைட்தான் நகர்கிறது. ரெஸ்பான்ஸ் டைம் பத்து இருபது மில்லி செகண்ட் இல்லை, ஆயிரத்தைத் தாண்டுகிறது. இங்கே பெரும்பாலும் எந்த நிரலும் குற்றவாளி இல்லை. தட்டில் கெட்டுப்போன இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கிறது. டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 என்ற எண்களுக்கு எதிரே பூஜ்யம் இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் உறுதி. டிக், டிக் என்று சத்தமும் சேர்ந்தால் முதலில் ஃபோட்டோக்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள், ஆராய்ச்சி அப்புறம்.

● டிஸ்க்குக்குக் காதும் உண்டு. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். கத்திய நொடிகளில் டிஸ்க் தடுமாறியது திரையில் கோடாகத் தெரிந்தது. இன்னொன்று இதைவிட வேடிக்கை. ஜேனட் ஜாக்சனின் 1989-ஆம் ஆண்டுப் பாட்டு 'ரிதம் நேஷன்' ஓடினால் சில பழைய லேப்டாப்புகள் அப்படியே நின்றுவிட்டன. பாட்டில் இருந்த ஓர் அதிர்வெண், 5,400 சுற்று டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனதாம். 2022-ல் மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் எழுதித்தான் இது வெளியே வந்தது. கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப் வைத்துப் பாட்டுப் போடுகிறவர்கள் கவனிக்க.

● அதே விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் இருந்தது. விளக்கு எரியும்போது லினக்ஸில் ஆளைக் காட்டிக்கொடுப்பது ஐஓடாப் என்ற சின்னக் கட்டளை. முதலில் அதை நிறுவிக்கொள்ள வேண்டும், பிறகு ரூட் அனுமதியோடு ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

● பக்கத்து வீட்டு லேப்டாப் என்ன ஆனது? வேறொரு உடைந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த 4 ஜிபி ராம் துண்டு ஒன்றை, பொருந்துகிறதா என்று பார்த்துச் செருகினோம். கீழ்மூடிக்கு ஸ்குரூ இரண்டு போதவில்லை, ஒரு மூலை இன்னும் லேசாக ஆடுகிறது. விளக்கு இப்போது கூப்பிட்டால் மட்டும் கண் சிமிட்டுகிறது. அவள் அக்கா கல்யாண ஃபோட்டோக்கள் பழைய இடத்திலேயே இருக்கின்றன.