அட்டைத் தறியும் அம்மாவும்

ஓசூர்ல குளிர் ஆரம்பிச்சாச்சு. ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் உல்லன் பந்தோட உட்கார்ந்துடுவேன். பின்னல் சுலபம். ஒரே நூல், கண்ணிக்குள்ள கண்ணி. தப்பு வந்தா இழுத்தாப் போதும், அவிழ்ந்துடும்.

நெசவுல அந்தச் சலுகை கிடையாது. தடிமனான அட்டையில மேலயும் கீழயும் அரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு போட்டு, காட்டன் நூலை நீளவாட்டுல கட்டினேன். அது பாவு. குறுக்கே ஊசியில கோத்துப் போறது ஊடை. முதல் துண்டு நடுவுல ஒடுங்கி உடுக்கை மாதிரி வந்துச்சு!

காரணம் இதுதான்: ஊடை ஒவ்வொரு பாவு இழைக்கும் மேல, கீழன்னு வளைஞ்சு போகுது. அதனால துணியோட அகலத்தைவிடக் கூடுதல் நூல் வேணும். நேரா இழுத்தா ஓரம் உள்ளே வந்துடும். வில் மாதிரி வளைச்சுப் போட்டு, அப்புறம் சீப்பால தட்டணும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கலை. தாத்தா சேலத்துல தறி நெய்தவர். "அந்தக் குழியிலேருந்து நாங்க ஏறி வந்தோம். நீ ஆசையா இறங்குறியாடி?"ன்னாங்க. எனக்குப் பொழுதுபோக்கு, அவங்களுக்கு அது கூலி. பதில் சொல்லத் தெரியலை.

ரெண்டு நாள் கழிச்சு, அட்டையைத் தாண்டிப் போனவங்க நின்னு, பாவு மேல விரலை ஓட்டினாங்க.

"மூணாவது இழை தொங்குது பாரு. அவுத்துக் கட்டு."