மூச்சு நின்றாலும் இதயம் துடிக்கும்

பாயில் படுத்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் பாம்பு கடித்தால் பெரும்பாலும் வலிப்பதில்லை. வீக்கமும் இருக்காது, பல்தடம் தேடினாலும் அகப்படாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். சற்று நேரத்தில் கண் இமைகள் தாமாகச் சரியும். பிறகு எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். அடுத்தது மூச்சு.

இந்த விஷத்தின் முதல் குறி நுரையீரல் அல்ல; நரம்பும் தசையும் சந்திக்கும் முனை. மூச்சை இழுக்கச் சொல்லி முகுளம் வழக்கம்போல் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை கட்டளை அனுப்பும். அது உதரவிதானத்துக்கும் விலாத் தசைகளுக்கும் போய்ச் சேராது. மார்பின் அசைவு குறைந்து குறைந்து நின்றுவிடும். இதுதான் சுவாச நிறுத்தம்.

அப்போதும் இதயம் சில நிமிடங்கள் துடித்துக்கொண்டிருக்கும். ரத்தத்தில் மிச்சமிருந்த ஆக்சிஜன் தீரத் தீர, 4, 5 நிமிடங்களில் மூளைச் செல்கள் பாழாகத் தொடங்கும், இதயமும் ஓயும். அதற்குள் யாராவது காற்றை உள்ளே செலுத்திவிட்டால் ஆள் பிழைக்க வழியுண்டு. நாம் வெளிவிடும் காற்றிலும் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. நாடி இருந்து மூச்சு மட்டும் இல்லையென்றால், பயிற்சி பெற்றவர் 6 விநாடிக்கு ஒருமுறை, மார்பு மேலெழும்படி ஊதுவார். பயிற்சி இல்லாதவர் நாடியைத் தேடி நேரத்தைப் போக்காமல், 108-ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். விட்டு விட்டு வரும் திணறலை மூச்சென்று நம்பி நின்றுவிடக் கூடாது.

வேர் கட்டவும் மந்திரிக்கவும் போகிற நேரம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது. முதலில் 30 வரை எண்ணியவர் சற்றுப் பொறுத்து 15-இல் திணறினால், தசைகள் தளர்கின்றன என்று பொருள். ஆக்சிஜன் முகமூடி மட்டும் அவருக்குப் போதாது. காற்றை இழுக்கத் தசைக்குத் திராணியில்லையே. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, வழியெல்லாம் கையால் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்த ஓர் ஆள் கூடவே போக வேண்டும்.

விஷமுறிவு மருந்தைச் சீக்கிரம் ஏற்றினால்தான் நன்மை. நரம்பு முனை சிதைந்த பிறகு அந்தச் சேதத்தை மருந்தால் திருப்ப முடியாது. முனைகள் மறுபடி வளர நாட்கணக்காகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு. கடுமையான கட்டத்தில் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கும் அசையாமல், கைகால் துவண்டு கிடப்பார். பார்த்தால் மூளைச்சாவு போலவே தோன்றும். அப்படிக் கிடந்து எழுந்து வீடு திரும்பியவர்கள் உண்டு. ஆகவே கட்டுவிரியன் கடித்தவரிடம் அந்த முடிவுக்கு அவசரமாக வரவும் கூடாது, கருவியை நிறுத்தவும் கூடாது. அசைய முடியாவிட்டாலும் அவருக்கு நினைவு தெளிவாக இருக்கலாம். கட்டிலருகே நிற்கும் உறவினர் தயங்காமல் அவரிடம் பேசலாம்.