‘கழற்றும்போது நல்லா ஓடுச்சு’... பழைய ‘பிக் பிளாக்’ இன்ஜினை நம்பி வாங்கலாமா?

அமெரிக்காவில் பழைய கார் பாகங்கள் விற்கும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வாசகம் இது: "454 பிக் பிளாக். கழற்றும்போது நல்லா ஓடிட்டிருந்தது." கூடவே, எண்ணெய்ப் பிசுக்கு படிந்த 300 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பின் மங்கலான போட்டோ. நல்லா ஓடுச்சுன்னா ஏன் கழற்றினாங்க என்ற கேள்விக்கு மட்டும் விளம்பரத்தில் பதில் இருக்காது.

பிக் பிளாக் என்பது வெறும் சி.சி. கணக்கு அல்ல, பிளாக்கின் உடலே பெரியது. செவர்லே நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், 1955-ல் வந்த வி8 ‘ஸ்மால் பிளாக்’. இன்று அதிகம் கைமாறும் பிக் பிளாக், 1965-ல் வந்த ‘மார்க் 4’ குடும்பம். அதில் 396, 402, 427, 454 கியூபிக் இன்ச் என்று பல அளவுகள் உண்டு. 454 என்றால் 7.4 லிட்டர். நம்ம ஊர் 1.2 லிட்டர் ஹேட்ச்பேக் இன்ஜின் ஆறைச் சேர்த்தால் கூட இதைத் தொடாது!

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 1970-ல் செவர்லே 396-ஐக் கொஞ்சம் பெரிதாக்கி 402 ஆக்கியது. ஆனால் செவெல் காரில் ‘396’ என்ற பேட்ஜையே ஒட்டி விற்றது. பெரிய கார்களில் அதே இன்ஜினுக்கு ‘டர்போ-ஜெட் 400’ என்று பெயர். அதே காலத்தில் 400 கியூபிக் இன்ச்சில் ஒரு ஸ்மால் பிளாக்கும் இருந்தது. ஆக, "400 இன்ஜின்" என்று ஒருவர் சொன்னால் அது எந்தக் குடும்பம் என்றே தெரியாது. வால்வு கவரைப் பாருங்கள். ஸ்மால் பிளாக்கில் ஒரு கவருக்கு 4 போல்ட், பிக் பிளாக்கில் 7. போட்டோவிலேயே எண்ணிவிடலாம்.

எண் என்ன சொல்கிறது?

பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் இணையும் விளிம்பில், டிரைவர் பக்கமாக (அமெரிக்கா என்பதால் இடது) வார்ப்பு எண் இருக்கும். பிளாக் எந்த வகை என்பதை இது சொல்லும். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம். உதாரணத்துக்கு, 3963512 என்ற எண்ணைப் பார்த்ததும் பலர் துள்ளிக் குதிப்பார்கள். 1970 செவெலில் வந்த 450 குதிரைத்திறன் எல்.எஸ்.6 இன்ஜினில் இந்த எண் உண்டு. அதே வருடத்து 360 குதிரைத்திறன் எல்.எஸ்.5-லும் இதே எண் உண்டு!

வித்தியாசத்தைச் சொல்வது முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறிய தட்டைப் பகுதி. அங்கே குத்தப்பட்ட வரிசையில் முதல் எழுத்து ஆலை: ‘டி’ என்றால் நியூயார்க் மாகாணத்தின் டோனாவாண்டா. அடுத்த நான்கு இலக்கம் இன்ஜின் பூட்டப்பட்ட மாதமும் தேதியும். கடைசி எழுத்துகள், எந்த வண்டிக்கு, எந்தத் திறனில் என்பதைச் சொல்பவை. மேனுவல் கியர் எல்.எஸ்.6 செவெலுக்கு ‘சி.ஆர்.வி’. (ஹோண்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

காசு அதிகம் புரளும் இடம் என்பதால் போலியும் இங்கேதான் அதிகம். பழைய குறியீட்டைச் சீவிவிட்டு, புதிதாகக் குத்திவிடுவார்கள். ஆலையில் அந்தத் தட்டைச் சீவும்போது ஒரே திசையில் மெல்லிய கோடுகள் விழும். மெஷின் ஷாப்பில் மீண்டும் சீவினால் அவை போய்விடும். தட்டு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தால் காரணம் கேளுங்கள். நியாயமாகப் பழுது பார்த்திருந்தாலும் கோடு போயிருக்கலாம், ஆனால் அப்போது ‘ஒரிஜினல்’ விலை கேட்க முடியாது.

இன்னொரு சோதனைக்குக் காசே ஆகாது. பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்புத் தேதி தனியாக இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து (ஜனவரிக்கு ‘ஏ’), பிறகு நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். இரும்பை வார்த்த பிறகுதான் இன்ஜினைப் பூட்ட முடியும். பூட்டிய தேதி வார்ப்புத் தேதிக்கு முந்தியதாக இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

427-ஆ, 454-ஆ?

இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 4.25 இன்ச். அதை அளந்து பயனில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் வேறு: 427-ல் 3.76 இன்ச், 454-ல் 4 இன்ச். ஹெட் கழற்றியிருந்தால் அளந்துவிடலாம். இல்லையென்றால் முன்பக்க பேலன்சரைப் பாருங்கள். 454-க்கு வெளிப்புற பேலன்ஸ் என்பதால், அதன் பேலன்சரில் ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டது போல இருக்கும். அந்த உதிரிபாகத்தை யாராவது மாற்றியிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

லாரியிலிருந்து வந்த 427 என்றால் இன்னும் கவனம். அந்த ‘டால் டெக்’ பிளாக் 0.4 இன்ச் உயரம் கூடுதல். கார் பிளாக்கின் இன்டேக் மேனிஃபோல்டு அதில் நேராக உட்காராது.

உள்ளே எப்படி இருக்கு?

முதலில் ஒரு நீளமான பாரைக் கொண்டு கிராங்கைச் சுற்றுங்கள். முழுச் சுற்று வரவில்லையென்றால் எங்கோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் பானைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது: பேரிங் நிலை தெரியும், மெயின் கேப்புக்கு 2 போல்ட்டா 4 போல்ட்டா என்ற வாக்குவாதமும் தீரும்.

ஹெட் கழற்றியிருந்தால் பிஸ்டன் தலையில் 030, 060 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சிலிண்டரை எவ்வளவு குடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பதன் கணக்கு அது. 060 வரை போன பிளாக்கை, சுவர்த் தடிமனை சோனிக் டெஸ்டில் பார்க்காமல் இன்னொரு முறை குடைவது ஆபத்து.

மினசோட்டா, மிச்சிகன் மாதிரி பனி மாகாணத்து இன்ஜின் என்றால், விரிசலைத் தேடுவதில் அரை மணி நேரம் செலவழித்தாலும் தப்பில்லை. உள்ளே நின்ற வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் இரும்பும் பிளக்கும். ஃப்ரீஸ் பிளக் வரிசை, லிஃப்டர் பள்ளம் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலை மெஷின் ஷாப்பின் மேக்னஃப்ளக்ஸ் சோதனை காட்டிவிடும். பிளாக் தேறாவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படகிலிருந்து எடுத்ததா என்றும் கேட்டுவிடுங்கள். உப்பு நீர் உள்ளே அரித்திருக்கலாம். சில படகு இன்ஜின்கள் எதிர்த்திசையில் சுற்றுபவை.

பானைத் திறக்க விடமாட்டேன், கிராங்கைச் சுற்ற விடமாட்டேன் என்கிறாரா? அப்போ அதற்கு ‘கோர்’ விலைதான், அதாவது முழுசா பிரித்துக் கட்ட வேண்டிய இரும்புக்கான விலை.